கோடாகக் கருகிய செடிகள்

மச்சாள் பெருவிரல் நகத்தால் ரோசாத் தண்டின் தோலைச் சுரண்டிப் பார்த்த, குளிர்காலம் முடிந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது; மண்ணிறமென்றால் அந்தக் கிளை போய்விட்டது. மச்சாள் என் கணவரின் அக்கா; கனடாவில், மில்லிக்கனில் எங்களோடுதான் இருந்தார். அந்த வருடம் பனி மூடுவதற்கு முன்பே கடுங்குளிர் வந்து நிலத்தை இறுக்கிவிட்டது. தோட்டமே போய்விட்டது என்று அயலவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பின்வளவில் மச்சாள் சுரண்டிய இடமெல்லாம் பச்சை தெரிந்தது. லைலாக் பூச்செடி மொட்டுக்கூட வைத்திருந்தது. முன்பக்கம் வந்ததும் குனிந்து பார்த்தார். தெருவோரத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரே நேராக எல்லாம் செத்துக் கிடந்தன. எந்தக் குளிருக்கும் அசையாத லில்லியின் கிழங்கும் அழுகியிருந்தது. அந்தக் கோட்டில் மட்டும் புல் வைக்கோல் நிறம்.

"குளிர்தானே மச்சாள்," என்றேன்.

"குளிர் கோடு போட்டுக் கொல்லாது."

அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தார். தெருவிலிருந்து நிலத்தடிக் குழாயில் வரும் காஸை அளக்க, சுவரிலிருந்த மீற்றரில் போய் அது முடிந்தது. ஒரு பிடி மண்ணை முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு ஈரமண் வாசம் மட்டுந்தான் தெரிந்தது.

"அம்மா எங்கை?" என்று கேட்டார்.

மாமி நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற்றில், சாமியறையில். விளக்கு வைக்கிற நேரம். மச்சாள் சப்பாத்தோடு ஓடினார். பின்னால் ஓடிய எனக்குப் படிக்கட்டில்தான் காஸின் அழுகின முட்டை மணம் பிடிபட்டது. மாமிக்கு மணம் தெரியாமல் போய்க் கனகாலம்.

மாமியை வெளியே கூட்டிவந்து, தெருவில் நின்று காஸ் கம்பனிக்குத் தொலைபேசினோம். அங்கிருந்து காஸ் அளக்கும் கருவியோடு வந்து கீழே போனவன் உடனே திரும்பி வந்து பக்கத்து வீடுகளையும் காலிசெய்யச் சொன்னான். நிலம் உறைந்து அசைந்ததில் குழாயில் வெடிப்பு விட்டிருக்கிறது. குளிர்காலம் முழுக்க இறுகியிருந்த மண்ணுக்கு மேலால் வர வழியில்லாத காஸ், குழாயோரமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

மச்சாள் இப்போது இல்லை. குளிர்காலம் முடிந்து ஒரு செடி வாடியிருந்தாலும், பக்கத்துச் செடி எப்படி இருக்கிறது, அதற்கடுத்தது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அன்று போர்வையைச் சுற்றியபடி தெருவில் நின்ற மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவள் என்னை விளக்குக் கொளுத்த விடேல்லை," என்று அயலவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மாமியிடமிருந்து பறித்த தீப்பெட்டி மச்சாளின் கைக்குள் நசுங்கியிருந்தது.