வெள்ளிக்கிழமை விழுந்த பெயர்

எங்கள் ஆபீசில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய சாப்பாட்டுப் பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சர்வர் அறைக் கதவுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு நடை. பம்பரம் என்று பட்டம் வைத்தவள் நான்தான். ஏழு வருடமாகப் பக்கத்து மேசையில் அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்கிறவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

நாங்கள் செய்யும் தொழில் என் மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை. "பேர எப்படிம்மா விப்பாங்க?" என்று முகவாயில் கை வைப்பார். ஒரு கடைக்கு இணையத்தில் டொமைன் பெயர் வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்வார்கள்; அந்தப் பெயரில் வெப்சைட்டோ மெயிலோ நடத்த எங்கள் சர்வரில் இடம் தருவோம். பெயரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் இரண்டு மாதம் போல அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் கடைசி ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் ஆண்டவனே வந்து கேட்டாலும் பெயரைத் திருப்பித் தர மாட்டார்கள். பிறகு அது பொதுவில் விழும். முதலில் கை வைத்தவருக்குச் சொந்தம்.

விழாமல் பார்த்துக்கொள்வது பம்பரத்தின் வேலை. மறதிக்காரர்களைப் போனில் பிடித்து உலுக்கி எடுப்பார். "டாக்டர், பேஷண்ட் பல்லு ஒண்ணு ஆடுதுன்னா சும்மா இருப்பீங்களா? இதுக்கு மட்டும் நாளைக்கு நாளைக்குன்னா எப்படி?" என்று ஒரு பல் டாக்டரையே விரட்டியிருக்கிறார். அவர் பார்வையில் இருந்த எந்த வாடிக்கையாளர் பெயரும் விழுந்ததில்லை.

தினமும் காலையில் வந்ததும் போனில் ஒரு மெயில் பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். "யாரு சார் அது, இன்னும் பதில் போடலையா?" என்று சீண்டுவேன். "போடுவான், போடுவான்" என்றபடி நடக்கத் தொடங்கிவிடுவார். அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியாது.

மார்கழிக் குளிரோ கோடையோ, எப்போதோ ஒரு நாள் மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டார். "நம்ம கம்பெனி கணக்குலயே எண்ணூறு பேரு தூங்குது. எது எதுக்குன்னே தெரியல. வேண்டாதத கழிச்சு விடுங்க" என்றார். பம்பரத்துக்கு எதையும் ஆற அமரச் செய்து பழக்கமில்லை. அரைமணி நேரத்தில் ஒரு விதி எழுதினார்: வெப்சைட் இல்லாத, ஒரு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத பெயர் எதையும் புதுப்பிக்காதே. எனக்குக் காட்டினார். நானும் மகாராணி மாதிரித் தலையாட்டினேன்.

மாதங்கள் ஓடின. ஒரு திங்கட்கிழமை, அந்த வாரம் விழப்போகிற பெயர்களை அவர் நடக்க நடக்க நான் வாசித்துக்கொண்டிருந்தேன். இருபதாவதோ என்னவோ, ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பெயர். செருப்புச் சத்தம் நின்றது.

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். என் மேசையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அடப்பாவமே, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நான் எழுந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் சொன்னார். அவரும் தம்பியுமாக அந்த ஸ்டூடியோவை நடத்தியிருக்கிறார்கள். ஒருநாள் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று தம்பி ஒரு குடும்பத்தின் படங்களை மொத்தமாக அழித்துவிட்டான். அந்தக் குடும்பம் படத்தைக் கேட்டு வந்து நின்றது. "சும்மா கிடக்குன்னு நெனச்சேண்ணா" என்றான் தம்பி. கடை நிறைய ஆள் இருக்க, இருபத்தாறு வயதுப் பிள்ளையை இவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். தம்பி சட்டைப் பையிலிருந்த கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். எட்டு வருடமாயிற்று. பிறகு கடையை மூடி, அம்மாவோடு வீடு மாறி, போன் நம்பரும் மாறிவிட்டது. தம்பிக்குத் தெரிந்த ஒரே முகவரி ஸ்டூடியோவின் மெயில்தான். இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் அந்தப் பெயரைக் கம்பெனி கணக்கில் சேர்த்து, மெயிலுக்காக மட்டும் உயிரோடு வைத்திருந்தார்.

"பெட்டி நம்ம சர்வர்ல இருக்கு. பேரு செத்தாலும் எனக்குத் திறக்கும். வெளியிலேர்ந்து மட்டும் ஒண்ணும் உள்ள வராது. எப்பவும் காலியா இருக்கிற பெட்டி, காலியாத்தானே இருக்குன்னு இருந்துட்டேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார். "மெயிலுக்கு மட்டும் வச்சிருக்கிற பேருக்கு வெப்சைட் எதுக்குடா மடையா? இது அரிச்சுவடி!"

மேனேஜர் அம்மா யார் யாருக்கோ போன் போட்டார். போன வாரம் கேட்டிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாமாம். விழும் நொடியில் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதி வைத்தோம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி வாக்கில் விழும்.

அந்த நாலு நாளும் ஆபீசில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. பம்பரம் மாடிப்படி ஏறுவார், இறங்குவார். ஒரே வாடிக்கையாளரை மூன்று முறை கூப்பிட்டுத் திட்டு வாங்கினார். "சார், புண்ணியமாப் போகும், உட்காருங்க. எனக்குத் தலை சுத்துது" என்று கத்தினேன். "இந்த ரெண்டு மாசத்துல அவன் எழுதியிருந்தா? அப்படி ஒரு முகவரியே இல்லன்னு திரும்பிப் போயிருக்கும்ல? நானே போடான்னு சொன்ன மாதிரி ஆயிடும்ல?" என்றார். நான் புரோகிராமை மறுபடி ஒரு முறை சரிபார்த்தேன். அவர் எழுதிய விதிக்குத் தலையாட்டிய தலை என்னுடையதுதானே.

வெள்ளிக்கிழமை எல்லோரும் திரை முன்னால் கூடிவிட்டோம். பெயர் விழுந்துவிட்டதா என்று புரோகிராம் நொடிக்கு நொடி கதவைத் தட்டியது. இல்லை, இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. இரண்டு மணி நாலு நிமிடத்துக்குப் பதில் மாறியது: பெயர் வேறொருவருக்குப் பதிவாகிவிட்டது. யாரென்று பார்த்தால் விவரம் மறைக்கப்பட்டிருந்தது. "போச்சு" என்றார் பம்பரம். குடையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வந்தார், கண்ணெல்லாம் வீங்கி. ஞாயிறு தவறாமல் "தம்பி எழுதினானா?" என்று வீட்டில் அவருடைய அம்மா கேட்பாராம். இந்த ஞாயிறு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்கு அம்மா, "அன்னைக்கு அவன அடிச்ச. இன்னைக்கு உன்ன யாருடா அடிக்கிறது?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். நான் வாடிக்கையாளர் மெயில்களைப் பிரித்தேன்.

ஐந்தாவது மெயில் ஸ்டூடியோ முகவரியிலிருந்து வந்திருந்தது.

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் மேனேஜர் அம்மாவே ஓடிவந்தார். பம்பரம் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தடவினார். அது தலையில் இருந்தது. "நீயே படிம்மா" என்றார். படித்தேன்.

'இந்தப் பெயரை உங்கள் கம்பெனியில் வைத்திருந்தவர் என் அண்ணன். அவரிடம் இதைச் சேர்க்க முடியுமா? அண்ணா, வருஷா வருஷம் இந்தப் பேரோட கடைசித் தேதியப் போய்ப் பார்ப்பேன், பக்கத்துலயே இந்தக் கம்பெனி பேரும் இருக்கும். ஒரு வருஷம் கூடியிருக்கும். சரி, நீ இன்னும் என்னத் தலைமுழுகலன்னு நினைச்சுப்பேன். அதுக்கு மேல எழுத ரோஷம் விடல. இந்த வருஷம் தேதி கூடல. பயந்துபோய் மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. வேற எவன் கைக்கும் போகக் கூடாதுன்னு விழுந்ததும் பிடிச்சுத் தர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிவச்சு நானே வாங்கிட்டேன். சும்மா கிடக்குன்னு நெனச்சியாண்ணா?'

கீழே ஒரு போன் நம்பர் இருந்தது.

பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார், சாப்பாட்டுப் பையின் மேலேயே. உள்ளே டப்பா நசுங்கிய சத்தம் கேட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஆமாண்டா" என்றார் பம்பரம். "சும்மா கிடக்குன்னுதான் நெனச்சேன்."

அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மதியம் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.