ஒருத்தர் சொன்னால் போதும்

ஆபீஸில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதுதான் பேர். இன்டர்நெட் லைன் வழியாக வீடு வீடாக டிவி சேனல் கொடுக்கிற கம்பெனி அது. ஓரிடத்திலிருந்து கிளம்பும் படம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா, கேட்காதவர் பக்கம் வீணாக ஓடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. மல்டிகாஸ்ட் என்பார்கள்.

லட்சம் பேர் ஒரே மேட்சைப் பார்த்தாலும் கம்பெனி அனுப்புவது ஒரே ஒரு பிரதிதான். வழி பிரிகிற இடத்தில் இருக்கும் ரவுட்டர் நகல் எடுத்துக்கொள்ளும். தெருக்கோடி ரவுட்டர் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், "இந்தச் சேனல் இன்னும் யாருக்காவது வேணுமா?" என்று கேட்கும். ஒரு வீட்டுப் பெட்டி "வேணும்" என்றால் போதும், அது காதில் விழுந்த மற்ற பெட்டிகள் வாயே திறக்காது. அதுதான் ஒருத்தர் சொல்லியாயிற்றே! யாருமே பேசாவிட்டால் அந்தத் தெருவுக்குப் படம் நின்றுவிடும்.

"லட்சம் பேருக்கு லட்சம் தடவை அனுப்பறது மடத்தனம்," என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பாள். கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு ரவுட்டர் கதை வேண்டியிருக்கிறது?

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். ஒரு தங்கை, இரண்டு தம்பிகள், மூன்று பேரையும் ஆளாக்கிக் கல்யாணம் செய்து அனுப்பியவள் இவள்தான். இவள் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டியவர்கள் அந்த மூன்று பேர்தான். ஆளுக்கு ஆள், அடுத்தவர் எடுப்பார் என்று இருந்துவிட்டார்கள். இப்போது இரண்டு அறை வீட்டில் சாப்பாட்டு மேஜையின் மூன்று நாற்காலியில் துவைத்த துணி கிடக்கிறது. நாலாவதில் அவள்.

வலது கண்ணில் புரை விழுந்தது. திரையில் எண்கள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "கூட ஒருத்தர் வரணும்மா. தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவோம்."

வேறு யாராக இருந்தாலும் மூன்று பேருக்கும் போன் போட்டிருப்பார்கள். இவளுக்குத் தொழில் புத்தி. குடும்ப குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போட்டாள்: 'வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண் ஆபரேஷன். யாராவது கூட வாங்க.'

பத்து நிமிஷத்தில் சின்னத் தம்பி 'சரிக்கா' என்று போட்டான். மற்ற இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அதில் அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பையை எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

வியாழக்கிழமை ஏழு மணி, ஏழரை, எட்டு. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. சின்னத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, மெசேஜைப் பாத்தேன்னுதான்க்கா சரின்னு போட்டேன். சின்னக்கா வருவான்னு நெனச்சேன்."

தங்கைக்குப் போட்டாள்.

"தம்பிதான் சரின்னு போட்டிருந்தானேக்கா. அவன் வர்றான்னு நான் விட்டுட்டேன்."

பெரிய தம்பியும் அச்சு மாறாமல் அதையே சொன்னான். மூன்று பேரில் யார் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பொய் என்றாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்கம்மா," என்று நர்ஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். "ஒருத்தர் வந்தாப் போதும்."

சாயங்காலம் குரூப் பொங்கி வழிந்தது. சாரிக்கா, மன்னிச்சுக்கோக்கா, கும்பிடுகிற கைகள். பெரிய தம்பி முடித்து வைத்தான்: 'அடுத்த தடவை கண்டிப்பா யாராவது வர்றோம்க்கா.' மற்ற இரண்டு பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு அதைப் படித்தாள். அந்த 'யாராவது' என்ற சொல் நெஞ்சை அறுத்தது. தானும் அதையேதான் எழுதினோம் என்பது இன்னும் அறுத்தது. மூன்று பேரிடமும் இதுவரை எதையும் தனியாகக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வெட்கத்தை விட்டு, குரூப்பை மூடிவிட்டு, தங்கைக்கு மட்டும் எழுதினாள்.

'செவ்வாய்க்கிழமை நீ வருவியாடி?'

உடனே பதில் வந்தது.

'தம்பிங்கள்ல யாரு வர்றாங்கன்னு கேட்டுட்டுச் சொல்றேன்க்கா.'