கட்டை பிடிக்கும் ஹார்ம்கே

ஆர்கன் முன்னால் உட்காருவதற்கு முன் ஹார்ம்கே போல்ஹவ்ஸ் வாசலிலேயே நின்று, அன்றைக்கு வரக்கூடிய இருமலையெல்லாம் முன்கூட்டியே இருமித் தீர்ப்பாள். பிறகு மரச்செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்புக்கு மாறுவாள். இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு அறுபது வரை எண்ணுவாள். விரல் குளிர்ந்திருந்தால் நடுங்கும், விரல் நடுங்கினால் அது அழுத்தும் ஆர்கன் கட்டையும் நடுங்கும். கடைசியாக மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, ஆள்காட்டி விரலை இடதுகோடிக் கட்டையில் வைத்து அழுத்துவாள். அதற்குப் பின் அவள் ஒரு எடைக்கல். ஆர்கனின் வயிற்றுக்குள், குழல்களுக்கு நடுவே ஏணியில் நிற்கும் வுப்போ, ஒரு குழலுக்குச் சுருதி சேர்த்து முடித்து ‘ம்’ என்று முனகும்வரை அந்த விரல் அசையாது. ‘ம்’ வந்ததும் அடுத்த கட்டை.

அப்பிங்கடாம் ஊரில் கால்வாயை ஒட்டி, தேவாலயங்களுக்கு ஆர்கன் செய்யும் நன்னெங்கா பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அவள் அப்பா மதகு திறந்து மூடுகிறவர். பத்தொன்பது வயதில் மரச்சுருள் கூட்டித் தள்ள வந்தவளை, அதுவரை கட்டை பிடித்தவனின் நெளிச்சல் தாங்காத வுப்போதான் ஒருநாள் பலகையில் உட்கார வைத்தார். சும்மா உட்காருவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அவளுக்கு அன்று சிரிப்பு வந்தது. மூன்று மணி நேரம் கழித்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது சிரிப்பு போயிருந்தது, வேலை நிலைத்திருந்தது.

அவள் வெளியே வந்தால் இழைப்புளிக்காரர்கள் விடமாட்டார்கள்.

“என்ன ஹார்ம்கே, குஞ்சு பொரிச்சாச்சா?”

“அம்பத்திநாலும் பொரிச்சிடுச்சு. எல்லாம் கத்துது.”

ஐம்பத்துநான்கு என்பது கட்டைகளின் எண்ணிக்கை. அத்தனையையும் ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்தியவளுக்கு தேவாலயத்தில் பாடும் ஒரு சங்கீதத்தின் முதல் அடிகூட வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. ஒவ்வொரு குழலும் தனியாக இருக்கும்போது என்ன குணம் என்று அவளுக்குத் தெரியும். கூட்டமாகச் சேர்ந்தால் மனிதர்களைப் போலத்தான் அவையும் என்பாள். பெண் கேட்டு வந்த படகுக்காரன் ஒருவனை, ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் நாலு தடவை எழுந்து ஜன்னலைப் பார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று அனுப்பியிருந்தாள்.

பட்டறையை ஒட்டிய பழைய தானியக் கிடங்குதான் காட்சிக்கூடம். அங்கே நின்ற ஆர்கன் விற்பதற்காகச் செய்ததுதான், காட்டுவதற்காகச் செய்தது இல்லை. 1926இல் ஒரு கிராமத்துத் தேவாலயச் சபை அதை விரும்பிக் கேட்டது. ஆர்கன் தயாராவதற்குள், ஏவாளிடம் பாம்பு வாய்விட்டுப் பேசியதா இல்லையா என்ற வழக்கில் சபை இரண்டாகப் பிளந்தது. ஆர்கன் எங்களுக்குத்தான் என்று இரண்டு பாதிகளும் சொல்லின. எடுத்துப் போக மட்டும் ஒரு பாதியும் வரவில்லை. பட்டறையின் அப்போதைய முதலாளி பெரிய நன்னெங்கா ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கிடங்கில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். அவர் செய்ததில் அதுவே கடைசி. அவர் மகன் காலத்தில் அதைக் கேட்டுவிட்டு நாற்பது ஊர்க்காரர்கள் வேறு ஆர்கன்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

1957 ஜனவரிக் கடைசியில், காலைக் காப்பி நேரத்தில் அந்த மகன், சின்ன நன்னெங்கா, ஒரு செய்தி சொன்னார். லூட்வெர்ட் தேவாலயத்து ஆர்கனைப் புழு தின்றுவிட்டது. புதிதாக ஒன்று செய்து முடிக்க ஆகும் இரண்டு வருஷம் அவர்களால் காத்திருக்க முடியாது. கூடத்தில் நிற்பதையே கேட்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை பார்க்க வருகிறார்கள். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஹார்ம்கே கோப்பைக்குள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஆர்கன் போவதா என்ற ஒரே எண்ணம் ஒரு வாரம் அவளைத் தூங்கவிடவில்லை.

ஆர்கன் உள்ள கூடத்தை யாரும் அதிகம் சூடாக்கமாட்டார்கள். காற்று சூடேறினால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறிவிடும். பித்தளை நாக்கு வைத்த ட்ரம்பெட் குழல்கள் மட்டும் பிடிவாதமாகப் பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் பேசுவது போலிருக்கும். கூடத்து அடுப்பை மூச்சுப் புகை தெரியாத அளவுக்கு மட்டும் எரியவிடுவது வழக்கம். அந்த வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு ஹார்ம்கே வந்து அடுப்பு நிறையக் கரியைக் கொட்டிப் பற்றவைத்துவிட்டு, ரொட்டி தின்ன வீட்டுக்குப் போனாள்.

பத்து மணிக்கு லூட்வெர்ட்காரர்கள் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் சபைத் தலைவர் டொங்கெஸ், மாட்டுப் பண்ணைக்காரர். கடைசியாக வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஹாக்ஸெமா. அங்கே ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். கூடம் ரொட்டிக்கடை போல் கனன்றது. டொங்கெஸ் மேல்கோட்டைக் கழற்றினார். பிறகு உள்கோட்டையும் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பெப்பர்மிட்டாய் எடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கும்போது செய்கிற மாதிரியே கன்னத்தில் அதை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வுப்போ ஒரு சங்கீதம் வாசித்தார். இரண்டாம் அடியில் ட்ரம்பெட் குழல்களைத் திறக்கும் பிடியை இழுத்தபோது கூடமே பல் கூசியது. வுப்போவின் காது மடல்கள் சிவந்தன. ஆனால் லூட்வெர்ட்காரர்களின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. புழு தின்ற ஆர்கனைப் பத்து வருஷம் கேட்டவர்கள் அவர்கள். டொங்கெஸ் கால்களை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, தங்கள் தேவாலயத்தில் ஆமென் வருவதற்குள் கால்விரல் மரத்துப்போகும் என்று சொல்லி, நன்னெங்காவைப் பார்த்துக் கேட்டார்:

“அடுப்பையும் சேர்த்துத் தருவீங்கதானே?”

ஹார்ம்கே போட்ட கணக்கில் இப்படி ஒரு கூட்டம் இல்லை.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, வுப்போவின் இடத்தில் ஹார்ம்கேயை உட்காரவைத்து, நடுக்கட்டை ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். முதலில் ட்ரம்பெட், பிறகு அதோடு இன்னொரு குழல். வவ்வவ்வவ் என்று காற்று அடித்துக்கொண்டது. அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“உங்க ஊர்ல கரி ரொம்ப மலிவு போல.”

அவள் விரல் கட்டையிலேயே இருந்தது. வாத்தியார் நிமிர்ந்து, இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“நீங்க தினம் கூட இருக்கறவங்க. இது எப்பவுமே இப்படித்தானாம்மா?”

ஆமாம் என்றால் போதும். வாத்தியார் தலையசைத்தால் ஐந்து பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஆர்கன் இங்கேயே நிற்கும். இதற்காகத்தான் அவள் ஐந்தரைக்கு வந்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை, முப்பது வருஷம் ஒழுங்காக நின்ற ஒன்றின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு சொல்ல அவளால் முடியவில்லை. விரலை எடுத்தாள்.

“இல்லீங்க. இது சுத்தமான ஆர்கன். நான்தான் அடுப்ப ஏத்தி வச்சேன். இது போகக்கூடாதுன்னு.”

நன்னெங்கா கழுத்துவரை சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டொங்கெஸ் மிட்டாயைக் கடித்து நொறுக்குவது கேட்டது.

“நம்ம வீட்ல ஒரு பசுவ வித்தா, என் பொண்டாட்டியும் இப்படித்தான் ஏதாவது பண்ணுவா,” என்றார் அவர். “ஜன்னலத் திறங்க.”

திறந்தார்கள். பிப்ரவரிப் பனிக்காற்று கூடத்துக்குள் புகுந்தது. இரண்டு மணி நேரம் எல்லாரும் நன்னெங்காவின் அடுக்களையில் காத்திருந்தார்கள். அவர் மனைவி காப்பியோடு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். இன்னும் நேரமிருப்பதைப் பார்த்து மறுபடியும் டப்பாவைத் திறந்தாள். அந்தத் தெருவில் விருந்தாளிக்கு இரண்டாவது பிஸ்கட் கிடைத்ததே இல்லை என்று வுப்போ பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.

மத்தியானம் ஐந்து பேரும் தொப்பியும் கோட்டுமாக நடுங்கிக்கொண்டு நின்று கேட்டார்கள். இம்முறை வாசித்தது வாத்தியார். வாசித்து முடித்து எழுந்தவர் மூக்கைச் சிந்தினார். டொங்கெஸ் நன்னெங்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது கட்டை பிடிக்க இந்த அம்மாதான் வரவேண்டும்.

ஏழு வாரம் ஹார்ம்கே லூட்வெர்டில் இருந்தாள். வாத்தியாருடைய தங்கை வீட்டில் படுக்கை, கடுகு சூப், அளவில்லாத வம்பு. “அடுப்புக்காரி” என்று ஊர் அவளுக்குப் பெயர் வைத்தது. மூன்றாம் நாளே அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். வேலை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஆர்கனைத் தூரத்திலிருந்து கேட்டாள். முன்னூறு பேர் அதோடு சேர்ந்து பாடினார்கள். அவள் பாடவில்லை. வலது ஆள்காட்டி விரல் பெஞ்சு விளிம்பை அழுத்திப் பிடித்தபடி, யாரோ ‘ம்’ சொல்வார்கள் என்று காத்திருந்தது. பக்கத்திலிருந்த வுப்போ பார்த்துவிட்டு, மெல்ல ‘ம்’ என்றார். சங்கீதத்தின் நடுவே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. டொங்கெஸ் பின்வரிசையிலிருந்து ஒரு பெப்பர்மிட்டாயை நீட்டினார்.

காட்சிக்கூடம் இரண்டு வருஷம் காலியாகக் கிடந்தது. பிறகு அங்கே வேறொரு ஆர்கன் எழுந்தது. அறுபத்துமூன்று வயதுவரை அதையும் அடைகாத்துவிட்டுத்தான் ஹார்ம்கே ஓய்வெடுத்தாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டால், முதலாளி தன்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் கடைசிவரை விளங்கவில்லை என்பாள்.

ஹார்ம்கே இறந்த பிறகு நன்னெங்காவின் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அன்று காலை ஏழு மணிக்கு, யாருக்கும் தெரியாமல் கூடத்துக்குப் போன சின்ன நன்னெங்கா, தன் அப்பன் செய்த ஆர்கன் போய்விடக்கூடாதென்று, ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பில் இன்னும் இரண்டு வாளி கரியைக் கொட்டிவிட்டு வந்திருந்தார்.