ஈசான மூலையில் ஒரு சிவப்பு வட்டம்

எங்கள் ஊரில் கணபதி என்ற பகுதியில் பட்டறைகளுக்கு நடுவே குடியிருக்கும் வெள்ளியங்கிரிக்குச் சுண்ணாம்புதான் சோறு போடுகிறது. பழைய கட்டடங்களின் உட்சுவர்களில் சிமெண்ட் கலக்காமல் சுண்ணாம்புச் சாந்து பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் உப்பிலிபாளையம் பக்கம் ஒரு பழைய பங்களாவில் வேலை நடந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி வாங்கவேண்டும். உள்கூடத்துப் பெரிய சுவரைப் பொறியாளர் மானசா இவரிடம்தான் ஒப்படைத்தார். அதிலிருந்து மேஸ்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பூசிய பக்கம் யாராவது தும்மினால்கூட முறைப்பார்.

ஒரு நாள், கூட வேலை செய்யும் ஆசிப் அசதியில் அந்தச் சுவரில் லேசாகக் கை ஊன்றிவிட்டார்.

"கையெ எடுங்க! உங்கூட்டுச் செவுருன்னு நெனச்சீங்களா? துளி அறிவிருந்தா இதும்மேல கை வெப்பீங்களா?"

அத்தனை பேருக்கும் முன்னால் இப்படிக் கேட்டார். ஆசிப் இவரைவிட வயதில் மூத்தவர். "செரிங்க மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். சுவரில் ஒரு தடமும் விழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஆயுதபூசை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. லேத் மெஷினில் இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை எல்லாம் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளியங்கிரியும் கரண்டி, மட்டப்பலகை, சாரக் கம்பி என்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார். மனைவி ராசாத்தாள் பொரியும் சுண்டலும் கொண்டு வந்திருந்தார். தட்டில் குழைத்த மஞ்சள் மிச்சம் இருந்தது. சோறு போடுகிற சுவருக்கு வைக்காமல் விடுவதா? கூடத்துக்குப் போய், ஈசான மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, நடுவில் குங்குமமும் வைத்தார்.

கண்ணெதிரிலேயே மஞ்சள் சிவந்தது.

பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தார். சிவப்பு இன்னும் ஊறியது.

"ஏனுங்க, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காதுங்களா? நம்மூட்டுல ஆரத்தி கரைச்சதே இல்லீங்களா?" என்றார் ராசாத்தாள்.

இருபத்தைந்து வருஷமாகச் சுண்ணாம்பில் கை வைத்திருப்பவர் அதை அடியோடு மறந்துபோயிருந்தார். மறுபடியும் துணியைச் சுவரில் வைத்தார். ஆசிப்தான் வந்து துணியை வாங்கிக்கொண்டார்.

"தொடைக்காதீங்க மேஸ்திரி. இன்னும் உள்ள எறங்கிரும்."

அவ்வளவுதான் சொன்னார். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் வெள்ளியங்கிரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மானசா வந்து பார்த்ததும், "பூராச் செவுத்தையும் பேத்துட்டு மறுக்காப் பூசித் தாரனுங்க அம்மணி" என்று கெஞ்சினார்.

"கீழ இருக்கற பழைய பூச்சும் சேந்து வந்துருங்க. அதெத் தொட நமக்கு அனுமதி இல்லீங்க. இருக்கட்டும், உடுங்க."

அந்த 'இருக்கட்டும்' அவரை அரித்தது. அதற்கப்புறம் உள்கூடத்துப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். ஆசிப்பிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தார். டீ குடிச்சீங்களா என்பதோடு நின்றுவிடும். அவ்வளவு நீளமான வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பங்களாவை ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்ட அன்று, வேலை செய்தவர்களையும் மானசா கூப்பிட்டிருந்தார். வெள்ளியங்கிரி பின்னால் ஒதுங்கி நின்றார். பக்கத்தில் ஆசிப். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் மூலையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையிலிருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி அதன் அடியில் வைத்துக் கும்பிட்டார். பின்னால் வந்தவர்களும் கும்பிட ஆரம்பித்தார்கள்.

வெள்ளியங்கிரிக்கு உடம்பு கூசியது. ஓடிப்போய்ச் சொன்னார்:

"ஏனுங்கம்மா, அது சாமி இல்லீங்க. நாந்தானுங்க அறிவில்லாம மஞ்சளப் பூசிக் கெடுத்துப்போட்டேன்."

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமியப் போயி இப்பிடிப் பேசலாமுங்களா? மொதல்ல கன்னத்துல போட்டுக்கங்க!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஆசிப்பைப் பார்த்து நின்று, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.