பாதி மழித்த முகமும் புது அம்மியும்

1924ஆம் ஆண்டு பெப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். வெறுந்தேநீர் குடித்தேன். முகம் மழிக்கக் கண்ணாடியைச் சன்னல் கம்பியில் மாட்டும்போது, "அம்மி கொத்தலையோ அம்மி!" என்று தெருவில் குரல் கேட்டது.

பதுளைக்குக் குடிவந்த பிறகு இந்தக் குரலை எப்போதாவதுதான் கேட்கிறேன். மனைவி அம்மியை வாசலுக்குப் புரட்டிக்கொண்டு போனாள். நான் சவரக்கத்தி தீட்டும் கல்லைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

"ஒங்க கல்ல யாரு கேட்டா?" என்று சிரித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்குத் தெரியாதே, சொல்கிறேன்.

உளி விழ விழக் கிளம்பும் கல்தூளுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் மழையில் நனைந்த மண்வாசனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அது மூக்கில் ஏறினால் எனக்கு இடது கன்னம் அரிக்கும்.

இது நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மீசையை வைத்துப் பெரிய ஆளாகத் தெரிய முயன்ற காலம். ஞாயிறு காலைகளில் தோட்டத்து நாவிதர் மாணிக்கம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் முனையில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எல்லோருக்கும் மழிப்பார். அன்று என் வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் கத்தி இழுத்தது. கண்ணில் நீர் வந்தது.

"ஐயா முடி தென்னந்தும்பு மாதிரில்ல இருக்கு," என்றவர் தோல்வாரில் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார். பயனில்லை. "ஏ பாக்கியம், கல்ல எடு!"

அவர் மனைவி பாக்கியம் பெருமையோடு வந்தாள். கையில் இருந்த கல் முழுவதும் புள்ளி புள்ளியாகப் பள்ளம். லயத்து அம்மிகளை எல்லாம் கொத்திக்கொண்டிருந்த வீரனிடம் இதையும் கொடுத்திருக்கிறாள். "தேஞ்சு வழுவழுன்னு கெடந்துச்சுங்க. அதான் நல்லாக் கொத்தித் தரச் சொன்னேன்."

அம்மி வழுவழுப்பானால் அரைபடாது, கொத்த வேண்டும். தீட்டுக்கல் சொரசொரப்பானால் கத்தி பாழ். அவள் அம்மிக்குத் தெரிந்த நியாயத்தைத் தீட்டுக்கல்லுக்கும் செய்துவிட்டாள். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மாணிக்கம், இனிமே அதுல மொளகா அரைச்சுக்க!"

மாணிக்கம் சிரிக்கவில்லை. கூட்டத்தில் நின்ற அங்கம்மாளும் சிரிக்கவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மூன்றாவது பிழைத்தால் மாரியம்மன் கோயிலில் முடி இறக்குவதாக நேர்ந்திருந்தாள். மறுநாள் விடிந்ததும் இறக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அம்மன் ஏற்கவில்லை என்று நினைத்து உயிரை விட்டுவிடுவாள்; அது எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, புள்ள தலையில காயம் பட்டுருமா?"

"இந்தக் கத்தியோட நான் புள்ளயத் தொடமாட்டேன் தாயி. பண்டாரவளைக்கு ஆள் அனுப்பி வேற ஆளக் கூப்பிட்டுக்க."

பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்குள் வீரன் வந்து சேர்ந்தார். "உளி வழுக்கையிலயே சந்தேகந்தான். ஆழமாக் கொத்தல. தேச்சா எடுத்துரலாம். ஆனா அடியில வைக்கத் தட்டையா ஒரு கல்லு வேணும். இங்க அம்மி எல்லாம் நடுவுல குழிஞ்சு கெடக்கு."

"எங்க வீட்டுது புதுசுண்ணே. இன்னும் கொத்துகூட வைக்கல," என்றாள் அங்கம்மாள்.

"நாவிதர் வீட்டுக்கு அம்மியக் குடுத்தா, அப்பறம் அதுல சட்டினி அரைப்பியாடி?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"அவரு தொட்டுத்தான தாத்தா ஒங்க தாடையும் மின்னுது? கழுவுனா போற மண்ணுதான்!"

அம்மி வந்தது. ஓடைமணலைத் துணியில் சலித்துத் தூவி, தண்ணீர் தெளித்தார்கள். மாணிக்கம் கல்லின் முகத்தில் கரியால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்தார். பாக்கியமே தேய்த்தாள், யாரையும் விடவில்லை. கை ஒரு பக்கம் அழுத்தினால் கல் சாயும் என்று கொஞ்சத்துக்கொருதரம் தலைமாற்றிப் பிடிக்கச் சொன்னார் மாணிக்கம். மேட்டில் கரி அழியும், பள்ளத்தில் நிற்கும். மறுபடி கோடு, மறுபடி தேய்ப்பு. ஒழுங்கு விரும்பியான நான் கணக்கேட்டில் கோடு போடும் என் பித்தளை அடிமட்டத்தைக் கொண்டுவந்து கல்லின் மேல் நிறுத்தி, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதையான வேலை.

நடுவில் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் எனக்கு மத்தியானச் சாப்பாடு. பாதி முகத்தோடு எப்படிப் போவது? துண்டைக் கட்டிக்கொண்டு பல்வலி என்றேன். ஆட்டுக்கறி மணம் வீடெல்லாம் நிறைந்திருக்க, அந்த அம்மாள் இரக்கப்பட்டு எனக்குக் கஞ்சியும் கிராம்பும் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது கரிக்கோடு முழுவதும் ஒன்றுபோல் அழிந்திருந்தது. மாணிக்கம் கல்லின் ஓரங்களைச் சற்று மழுக்கினார். கூரான ஓரம் கத்தியைப் பல்லாக்கிவிடுமாம். மணலைக் கழுவி, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்து மேலே பால்போல் சேறு எழுப்பி, அதில் கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது; என் இடது கன்னம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பாக்கியத்தின் விரல்நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த லயம் இன்று இல்லை. இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள். மாணிக்கமும் பாக்கியமும் ஊருக்குக் கப்பல் ஏறிப் போனார்கள். வீரனும் இல்லை. அங்கம்மாளின் மகனை மட்டும் போன மாதம் தெமோதரை ரயில் நிலையத்தில் பார்த்தேன். எண்ணெய் வழிய வாரிவிட்ட கிராப்புத் தலை. அந்தத் தலைக்காக ஒரு பகல் முழுவதும் ஒரு கல் தேய்ந்தது அவனுக்குத் தெரியாது. அவன் கன்னத்தைப் பார்த்தேன், சுத்தமாக மழித்திருந்தான். நான் என் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

அன்றைக்கு மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே கோயிலுக்குப் போனேன். அங்கம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். மாணிக்கம் கத்தியை விரித்ததும், "இருங்கண்ணே, மொதல்ல ஐயாவுக்கு," என்றாள். நான் உட்கார்ந்தேன். கத்தி நகர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவள் விளக்கை என் முகத்தருகே தூக்கிப் பிடித்து, கன்னத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு விளக்கைப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தலையை நனைத்தாள்.