திருத்தொண்டர் ஆக ஒரு சம்மதம்

துறைமுக அலுவலக மொழிபெயர்ப்பாளருக்கு வார்த்தைகள் என்றால் உயிர். தேவாலயத்தில் அவரைத் திருத்தொண்டர் ஆக்கலாம் என்று பேச்சு வந்ததும் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டார். கப்பலில் வரும் மாலுமிகளை மடக்கி, "உங்க ஊர்ல குருவுக்கு அடுத்த படியில நிக்கறவர எப்படிக் கூப்பிடுவீங்க?" என்பார். கிரேக்கன் தியாகொனோஸ் என்றான், ரஷ்யன் தியாகன் என்றான், அரபி பேசுகிறவன் ஷம்மாஸ் என்றான். தோண்டிப் பார்த்தால் எல்லாம் 'பணிவிடைக்காரன்' என்ற பொருளில் போய் முட்டுகிறது. மனிதர் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பை நாற்காலியில் சாய்ந்தபடி மனைவியிடம் சொல்லிவிட்டு, "தண்ணி கொண்டா" என்றார். குடம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அதற்கான வேதப் படிப்பெல்லாம் முடிந்தது. கல்யாணமானவர் திருத்தொண்டர் ஆக வேண்டுமென்றால் மனைவி சம்மதிக்க வேண்டும். அதை மறைமாவட்டத் தலைவரான ஆயரே நேரில் கேட்பார். ஒப்புக்குக் கேட்கிற கேள்வி என்று நினைத்து, அங்கிக்கு அளவும் கொடுத்துவிட்டுத்தான் அவளை ஆயரிடம் அழைத்துப் போனார்.

"அம்மா, திருத்தொண்டர் பட்டம் வாங்கினப்புறம் நீங்க முந்திப் போயிட்டா, இவர் மறுகல்யாணம் பண்ணிக்க முடியாது. தெரியுமில்ல?" என்றார் ஆயர்.

"தெரியாதே சாமி."

கணவருக்குத் தெரியும். சொல்லத்தான் மறந்திருந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று சிரித்தார்.

"அப்படின்னா எனக்குச் சம்மதமில்ல சாமி."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொருத்தி வரமாட்டான்னா நல்லதுதானேம்மா?" ஆயருக்கே குழப்பம்.

"பொறாமையெல்லாம் இல்ல சாமி. இவருக்குச் சட்டையில பொத்தான் அறுந்தா அந்தச் சட்டையே போச்சு. அடுப்பு எந்த மூலையில இருக்குன்னு கேட்டுப் பாருங்க. சோறாக்கிப் போட இன்னொருத்தி இல்லன்னா, நான் போன மறுநாளே பசி தாங்காம மோட்சத்துக்கும் பின்னாலயே வந்து நிப்பாரு. அங்கயாவது நான் கொஞ்சம் கால நீட்ட வேண்டாமா?"

ஆயர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பேனாவை மூடினார். "அம்மா மனசு மாறினா வாங்க. அதுவரைக்கும் என் கையில ஒண்ணுமில்ல."

வழியெல்லாம் பேயறைந்தவர்போல வந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள். ஒரு கையில் வெங்காயம், இன்னொரு கையில் கத்தியைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார்.

"இத உரிச்சுட்டு நறுக்கணுமா, நறுக்கிட்டு உரிக்கணுமா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சம்மதம் தரேனா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அந்தக் கத்தியக் கீழ வைங்க!"