உலுக்காமல் கொடுத்த மூன்று ஜோடி

என் அக்காவைப் பற்றி ஊரில் வாய் கிழியப் பேசுகிறவர்கள் யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒருவரின் காலை உடைத்தவள் என்கிறார்கள். பிழைப்புக் கொடுத்த கடையைக் காட்டிக் கொடுத்தவள் என்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவள் செய்த தப்பையும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே பனியாறு. பெயர்தான் ஆறு, உண்மையில் மலைச்சரிவு முழுக்க உறைந்து கிடக்கும் பனிக்கட்டி. குளிர்காலத்தில் அதன்மேல் நடக்க வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வெறும் பூட்ஸோடு அதில் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் மாட்ட வேண்டும். இரும்புப் பட்டையில் பத்துப் பன்னிரண்டு கூர்முட்கள் வைத்த சட்டம் அது. முட்கள் பனியில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிராம்பான்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் அக்கா பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள்.

பத்தொன்பது வயதில், வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த பூட்ஸ்களின் உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காய வைக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். அந்த நாற்றத்தில் இரண்டு வருடம் கிடந்தாள். பிறகு முட்களைத் தீட்டக் கற்றுக்கொண்டாள். மெஷினில் வைத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் மெஷின் சூட்டில் இரும்பின் உறுதி போய்விடும் என்று அரத்தால் கையாலேயே தீட்டுவாள். அவள் இடது கை விரல்களில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும்.

வாடிக்கையாளர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள். ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். பின்னால் இரண்டு பெண்கள்.

"எனக்கு அந்தக் கிளிப்பு வெச்சதுதான் வேணும்," என்றான்.

"உங்க பூட்ஸுக்கு அது ஆகாது, தம்பி."

"ஏன் ஆகாது? போன வாரம்தான் வாங்கினேன். புதுசு."

அக்கா அந்தப் பூட்ஸை வாங்கி இரண்டு கையாலும் மடக்கினாள். அது பழைய செருப்பு மாதிரி வளைந்தது.

"முன்னாடி கம்பி, பின்னாடி கிளிப்பு. அது ரெண்டுதான் பிடிமானம். நடுவுல பூட்ஸ் இப்படி வளைஞ்சா ரெண்டும் கழண்டுக்கும். உங்களுக்கு வார் போட்டுக் கட்டறதுதான் சரி."

"அது பாக்க நல்லா இல்லையே."

"மேல யாருக்குக் காட்டப் போறீங்க? பனிக்கா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பையன் முகம் சிவந்து, வார் வைத்ததையே வாங்கிக்கொண்டான்.

எந்த ஜோடியாக இருந்தாலும் அக்காவிடம் ஒரு சோதனை உண்டு. கிராம்பானின் நடுப்பட்டையைப் பூட்ஸின் நீளத்துக்கு நீட்டியோ சுருக்கியோ வைத்து, பூட்ஸை அதில் அழுத்தி உட்கார வைப்பாள். வாரைக் கட்டாமலே, கிளிப்பை மாட்டாமலே, பூட்ஸைத் தலைக்கு மேல் தூக்கி நன்றாக உலுக்குவாள். கிராம்பான் ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. கீழே விழுந்தால் அளவு தப்பு, திரும்ப முதலிலிருந்து. அதனால் அவளுக்குக் கடைத்தெருவில் 'உலுக்கி' என்றே பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலாளி தங்கமாகப் பேசுவார். வருகிறவர்களிடம் மட்டும். அவருக்கு உலுக்கல் பிடிக்காது. ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் ஆகிறதே! அவர் ஒரு சீட்டு முறை கொண்டுவந்தார். வருகிற குழுவிடம் போனிலேயே ஷூ சைஸ் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். முதல் நாளே அந்த எண்ணுக்குக் கிராம்பானை நீட்டி வைத்து, சீட்டைக் கட்டித் தொங்கவிட்டுவிட வேண்டும். காலையில் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

"ஒரு கம்பெனி நாப்பத்து மூணும் இன்னொரு கம்பெனி நாப்பத்து மூணும் ஒண்ணு இல்லைங்க," என்று அக்கா சொன்னாள். "பூட்ஸ் மேஜைக்கு வரணும். நம்பர் வந்தாப் பத்தாது."

"நீ டாக்டர் பாரு, ஆளப் பாக்காம மருந்து குடுக்க மாட்ட," என்றார் அவர்.

அக்கா அந்தச் சீட்டைப் படித்ததே இல்லை. மாட்டி, அவிழ்த்து, திரும்ப மாட்டுவாள். அந்த ஒரு காலை வரைக்கும்.

அன்று பதினெட்டுப் பேர் வருவதாக இருந்தது. அவர்கள் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். பனியாற்றின் வாசலில் ஒன்பது மணிக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். வெயில் ஏறினால் பனி இளகும், திரும்பும் வழி மோசமாகும். கூட்டி வந்த ஆள் கடை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். முதலாளி அக்காவின் பின்னாலேயே நின்றார்.

"சீட்டுல சைஸ் இருக்குல்ல? குடு, குடு, குடு!"

பதினைந்து ஜோடி உலுக்கினாள். மூன்று பாக்கி. "உன்னாலதாம்மா பதினெட்டுப் பேரும் திரும்பிப் போகப் போறாங்க," என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். பதினெட்டுப் பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் அந்த மூன்றையும் சீட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டாள்.

அதில் ஒன்று ஒரு வங்கிக்காரருடையது. மனைவியோடு வந்திருந்தார். சொந்த பூட்ஸ், பழையது. ஒரு காலில் சிவப்புக் கயிறு, இன்னொன்றில் கறுப்புக் கயிறு. மேலே சரிவில் கிளிப்பு கழன்றது. கிராம்பான் பூட்ஸிலிருந்து பிரிந்து கணுக்கால் வாரில் தொங்க, அவர் நாற்பது மீட்டர் சறுக்கிப் போய்ப் பாறையில் மோதினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். டைப் செய்திருந்தது. கடையில் அளவு பார்த்துச் சோதித்த பிறகு வாடிக்கையாளர் பஸ்ஸில் வேறு பூட்ஸ் மாற்றிக்கொண்டார், அதனால்தான் கழன்றது என்று அதில் இருந்தது. கீழே அக்காவின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"போட்டுட்டா நாளைக்கு நீ வழக்கம்போல வேலைக்கு வரலாம்," என்றார்.

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். நான்தான் முதலில் வாயை விட்டேன்.

"ஒரு கையெழுத்துதானேக்கா. போட்டுடேன்."

"அந்த மனுஷன் பொய்யனாகணும், நான் வேலைக்குப் போகணும். அதானேடி?"

"உன்னை அவசரப்படுத்தினது முதலாளி. மாட்டிக்கறது நீயா?"

"குடுத்தது யாரு கை?" பாத்திரத்தை அப்படியே தொட்டியில் போட்டாள். "அவரு கத்தினாரு. கத்தட்டும். பன்னெண்டு வருஷமா கத்தறாரு, அன்னிக்கு மட்டும் எனக்கு எங்கடி போச்சு புத்தி? பதினெட்டுப் பேர் பாக்கறாங்கன்னு வெக்கப்பட்டேன். வெக்கப்பட்டுட்டுக் குடுத்தேன்!"

"அப்போ அத வெளிய சொல்லாத. சும்மா இரு. கையெழுத்தும் போடாத, வாயும் திறக்காத."

"சும்மா இருந்தா இந்தத் தாள்ல இருக்கறதுதான் உண்மை ஆகும்."

"மெதுவாப் பேசுங்கடி ரெண்டு பேரும்," என்றார் அம்மா. "பக்கத்து வீட்ல டிவிய அணைச்சிட்டுக் கேக்கறாங்க."

"கேக்கட்டும்மா! நல்லாக் கேக்கட்டும்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் அக்கா.

விசாரணை மீட்புக் குழுவின் அலுவலகத்தில் நடந்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் ஷெட்டுக்கு மேலே ஒரே ஒரு அறை. மேஜையில் வங்கிக்காரரின் பூட்ஸும் அந்தக் கிராம்பானும் இருந்தன. முதலாளி, பூட்ஸ் மாறிய கதையைக் கண் இமைக்காமல் சொன்னார். வங்கிக்காரரின் மனைவி எழுந்து, "நாங்க ஒரே ஜோடிதான் கொண்டு வந்தோம்," என்றார். விசாரித்த அலுவலர் இரண்டையும் எழுதிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா எழுந்து மேஜைக்குப் போனாள். பூட்ஸைக் கிராம்பானில் உட்கார வைத்தாள். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. தூக்கினாள். உலுக்கவே தேவைப்படவில்லை. கிராம்பான் மேஜைமேல் தடாலென்று விழுந்தது.

"அவர் மாத்தலைங்க. அன்னிக்கும் இதே பூட்ஸ்தான். ஒரு கயிறு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. அவர் குனிஞ்சு கட்டும்போது பாத்தேன். குதிகால்ல கிளிப்பு பிடிக்கிற விளிம்பு தேஞ்சு உருண்டிருக்கு பாருங்க. இந்தப் பூட்ஸுக்குக் கிளிப்பு வெச்சதே குடுத்திருக்கக் கூடாது. கையில எடுத்திருந்தா ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். நான் எடுக்கல. சீட்டப் பாத்துக் குடுத்தேன். எங்க கடையில அப்படித்தான் குடுக்கச் சொல்வாங்க."

"அடிப் பாவி!" என்றார் முதலாளி. அவர் அன்று சொன்ன ஒரே உண்மையான வார்த்தை அதுதான், மனதிலிருந்து வந்தது.

தீர்ப்பு இப்படி: கடை இரண்டு வாரம் மூட வேண்டும். அக்கா இந்தக் குளிர்காலம் முடியும் வரை எந்தக் கடையிலும் கிராம்பான் பொருத்தக் கூடாது. இரண்டு வாரத்தையும் முதலாளி சுவருக்கு வெள்ளையடிக்கப் பயன்படுத்திக்கொண்டார். சீட்டு முறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கடை திறந்த அன்றே புதுப் பெண் ஒருத்தி சீட்டைப் படித்துப் படித்துக் கொடுக்கத் தொடங்கினாள். உண்மையைச் சொன்னவளுக்கு ஒரு குளிர்காலம், பொய் சொன்னவருக்குப் பதினான்கு நாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

விசாரணை முடிந்து படி இறங்கும்போது வங்கிக்காரரின் மனைவி அக்காவை நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"உண்மையச் சொன்னீங்க. சரி," என்றார். "அவருக்குக் கால் இன்னும் மடங்கல. ராத்திரி வலில அழறாரு. நான் உங்கள மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலைங்க," என்றாள் அக்கா.

வரும் வழியெல்லாம் நான் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"வாய மூடுடி. அவங்களுக்குக் கோவப்பட உரிமை இருக்கு. உனக்குக் கோவம் வந்தா, அதோ அந்தக் கடை வாசல்ல போய் நின்னு கோவப்படு."

எனக்குச் சொன்னதை அவளே வேறு விதமாகச் செய்தாள். மற்றக் கடைக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள் போல. ஒருவரும் அவளுக்கு வேறு வேலைகூடக் கொடுக்கவில்லை. இப்போது காலையில் ஒரு பள்ளியின் வகுப்பறைகளைப் பெருக்கப் போகிறாள். அதற்கு முன்னால், ஆறரை மணிக்கே பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறாள். பொருத்தத்தான் கூடாது என்றார்கள், பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பது அவள் வாதம். இறங்குகிறவர்களின் காலையே பார்ப்பாள். யாரும் கேட்காமலே போய், "உங்க பூட்ஸ் வளையுது, கிளிப்பு வெச்சது குடுத்தா வாங்காதீங்க," என்பாள். "பூட்ஸ அவங்க மேஜையில வெக்கச் சொல்லுங்க. சைஸ் நம்பர் மட்டும் கேட்டா அடுத்த கடைக்குப் போங்க," என்பாள். பாதிப் பேர் பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். சிலர் நின்று கேட்கிறார்கள்.

நேற்று முதலாளியே பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

"என் பொழப்பக் கெடுக்கறியா? போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அவங்க பூட்ஸையும் பாத்துடறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்குள் அடுத்த பஸ் வந்து கதவு திறந்தது. முதலாளி இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படியில் முதலில் இறங்கிய காலைக் குனிந்து பார்த்தாள்.